பதக்கம் கிடைக்காத தச்சர்

அண்டார்டிகா சாகசம்னாலே ஷேக்கிள்டன் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அவரைக் கரை சேர்த்த படகைத் தயார் பண்ணினவர் யாருன்னு தெரியுமா? ஹாரி மெக்நிஷ். 1874-ல் ஸ்காட்லாந்தின் போர்ட் கிளாஸ்கோவில் பிறந்த கப்பல் தச்சர்.

1914-ல் ஷேக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். கூடவே ஒரு வரிப்பூனையும் வந்தது. ஆண் பூனைதான், ஆனா எல்லாரும் கூப்பிட்ட பேர் மிசஸ் சிப்பி!

1915 ஜனவரியில் வெடல் கடலின் பனியில் கப்பல் சிக்கியது. அக்டோபரில் பனி நெருக்கி நொறுக்கியதில், 28 பேரும் பனித்தட்டில் இறங்க வேண்டியதாச்சு. இனி பலவீனமான விலங்குகளைப் பராமரிக்க முடியாது என்று பூனையைச் சுடச் சொன்னார் ஷேக்கிள்டன். மெக்நிஷுக்கு அந்த வலி கடைசிவரை ஆறவில்லை.

டிசம்பரில், கனமான படகுகளைப் பனிமேல் இழுத்துப் போகும்போது மெக்நிஷ் மறுத்து நின்றுவிட்டார். கப்பலே போனபிறகு ஒப்பந்தம் ஏது, உத்தரவு ஏது என்பது அவர் வாதம். ஒப்பந்தமும் சம்பளமும் தொடரும் என்று சொல்லி ஷேக்கிள்டன் அவரை வழிக்குக் கொண்டுவந்தார். ஒருத்தர் முரண்டு பிடித்தாலும் எல்லாரும் சாகக்கூடிய இடம் அது. அதனால் தலைவரின் கோபத்தையும் தப்புன்னு சொல்லிட முடியாது. ஆனா, அந்த இழுவை சில நாளிலேயே கைவிடப்பட்டது.

1916 ஏப்ரலில் எலிஃபண்ட் தீவை அடைந்தார்கள். அங்கே ஆள் நடமாட்டமே கிடையாது. உதவி தேடி சவுத் ஜார்ஜியாவுக்குப் போகணும்னா சுமார் 800 கடல் மைல். கையில் இருந்ததோ ஏழு மீட்டர் நீளத் திறந்த படகு, ஜேம்ஸ் கெயர்ட். பனியில் இருந்தபோதே அதன் பக்கங்களை உயர்த்தியிருந்த மெக்நிஷ், இப்போ பெட்டிப் பலகை, சறுக்குவண்டிக் கட்டை, கித்தான் துணி எல்லாம் வைத்து மேல்தளம் போட்டார். இடுக்குகளை அடைக்க விளக்குத் திரி, ஓவியரின் வண்ணம், சீல் ரத்தம். அவரையும் சேர்த்து ஆறு பேர் ஏப்ரல் 24-ல் கிளம்பி, மே 10-ல் கரை தொட்டார்கள். அங்கே பனிமலையைக் கடக்கக் கிளம்பிய மூவருக்கு, படகின் திருகாணிகளைக் கழற்றி பூட்ஸில் பொருத்தியதும் அவர்தான். ஆகஸ்ட் 30-ல் தீவில் காத்திருந்த 22 பேரும் மீட்கப்பட்டார்கள். அந்த 28 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை.

துருவப் பயணிகளுக்காக 1904-ல் பிரிட்டன் தொடங்கிய விருது போலார் மெடல். அவர்களில் நால்வருக்கு அது வேண்டாமென்று ஷேக்கிள்டன் விட்டுவிட்டார். நால்வரில் ஒருவர் மெக்நிஷ்.

கடைசிக் காலம் நியூசிலாந்தின் வெலிங்டனில், வறுமையில் கழிந்தது. துறைமுகத் தொழிலாளர்கள்தான் காசு திரட்டிக் கொடுத்தார்கள். 1930-ல் இறந்தபோது கடற்படை மரியாதை கிடைத்தது, ஆனா கல்லறைக்கு ஒரு கல் வைக்கவே 1959 ஆனது. 2004-ல் அதன்மேல் ஒரு வெண்கலப் பூனையும் வந்து படுத்துக்கொண்டது. பதக்கம் மட்டும் வரவில்லை.

பட்டியல் எழுதும் பேனா உங்க கையில் இருந்திருந்தா, எதை எடை போட்டிருப்பீங்க? அந்த ஒரு நாள் மறுப்பையா, அந்தப் படகையா?