வண்டை ஏமாற்றும் பூக்கள்: உண்மையைக் கண்ட பள்ளி ஆசிரியர்

பூ ஏமாற்றுமா? ஏமாற்றும் என்று எழுதினார் ஒரு பள்ளி ஆசிரியர். உலகம் அவரை நம்பவில்லை.

அவர் பெயர் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல். ஜெர்மனியில் பிராண்டன்பர்க் என்ற ஊரில் 1750-ம் ஆண்டு பிறந்தார். 1780-ல் பெர்லினுக்கு அருகே ஸ்பாண்டாவ் என்ற ஊரில் தலைமை ஆசிரியர் ஆனார். ஹைம் என்ற டாக்டர் அவருக்குச் செடி கொடிகளில் ஆசையை உண்டாக்கினார்.

1787-ல் காட்டு ஜெரேனியம் பூ ஒன்றை உற்றுப் பார்த்தார். இதழ்களின் அடியில் மெல்லிய மயிர்கள் இருந்தன. மழைநீர் தேனில் கலக்காமல் அவை காக்கின்றன என்று கண்டார். அந்தத் தேன் யாருக்கு? பூச்சிகளுக்கு! தேன்தான் கூலி, பூவுக்குப் பூ மகரந்தம் சுமப்பதே வேலை.

கூலி இல்லாத வேலை

சில ஆர்க்கிட் பூக்களில் தேன் குழல் இருந்தது. உள்ளே தேன் இல்லை! ஆனாலும் பூச்சிகள் வந்தன. தேன் உள்ள பூவைப் போல் வேஷம் போட்டு இவை பூச்சிகளை ஏமாற்றுகின்றன என்று ஸ்பிரெங்கல் முடிவு செய்தார்.

நானூறுக்கு மேற்பட்ட செடிகளை ஆராய்ந்து, 1793-ல் புத்தகம் வெளியிட்டார். அதைப் பாராட்ட ஆள் இல்லை.

பள்ளி மேலதிகாரிகளுடன் அவருக்குத் தகராறு இருந்து வந்தது. 1794-ல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பெர்லின் சென்று, பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை அழைத்துச் சென்று செடிகளைக் காட்டினார். 1816-ல், 65-வது வயதில் காலமானார்.

டார்வினும் நம்பவில்லை

1841-ல் அந்தப் புத்தகத்தை விஞ்ஞானி சார்லஸ் டார்வின் படித்தார். மிகவும் மெச்சினார். ஆனால் ஏமாற்றுப் பூவை மட்டும் அவராலும் நம்ப முடியவில்லை. பூச்சிகள் தலைமுறை தலைமுறையாகவா ஏமாறும் என்று ஐயப்பட்டார். தேன் குழலின் சுவருக்குள் ஒளிந்திருக்கும் என்று எண்ணினார்.

1916-ல் விடை வந்தது. அல்ஜீரியாவில் நீதிபதியாக இருந்த பூயான் என்பவர், ஆப்ரிஸ் என்ற ஆர்க்கிட் பூவைப் பல ஆண்டுகள் கவனித்திருந்தார். அது பெண் பூச்சியைப் போலவே இருந்தது. ஆண் பூச்சி அதைத் தன் ஜோடி என்று எண்ணி வந்து அமர்ந்தது; மகரந்தம் ஒட்டிக்கொள்ளப் பறந்தது. மணம்கூடப் பெண் பூச்சியின் மணம் என்று பின்னால் தெரிந்தது.

ஆர்க்கிட் இனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலி கொடுக்காமல் வேலை வாங்குபவை என்று இன்று கணக்கிடுகிறார்கள்.

பூச்சிகள் ஏமாந்தன. டார்வினும் ஏமாந்தார். ஸ்பாண்டாவ் ஆசிரியர் மட்டும் ஏமாறவில்லை.