நண்பரின் பெயரை மறந்த அறிஞர்

அமெரிக்கப் பேரறிஞர் எமர்சன் 1803-ம் ஆண்டு போஸ்டன் நகரில் பிறந்தார். காங்கார்டு என்ற சிற்றூரில் வாழ்ந்தார். பேச்சுதான் அவருக்குப் பிழைப்பு. ஊர் ஊராகப் போய் சுமார் 1,500 சொற்பொழிவுகள் செய்தார்.

அந்த நாவுக்கே சோதனை வந்தது! வயது 60-ஐத் தாண்டிய பிறகு சொற்கள் மறந்தன. 1872-ல் அவருடைய வீடு தீப்பற்றி எரிந்தது. அதன்பின் மறதி முற்றியது. குடை என்ற சொல் வராது. வந்தவர்கள் எடுத்துப் போகும் பொருள் என்று சுற்றி வளைத்துச் சொல்வார்.

இப்படிப்பட்ட மறதியை இன்று டிமென்ஷியா என்கிறார்கள். மூளை பழுதடைவதால் வருவது. பிடிவாதம் அல்ல, கோபித்துப் பயனில்லை.

தாங்கிய மகள்

அவருடைய மகள் எல்லன் கோபிக்கவில்லை. அவர் திருமணமும் செய்துகொள்ளவில்லை. பேச்சுத் தாள்களை அடுக்கிக் கொடுப்பார். கூட்டத்துக்கும் கூடவே போவார். எகிப்துப் பயணத்திலும் அவர்தான் துணை. சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை. அவருக்கும் களைப்பு உண்டு அல்லவா?

நல்லவேளை, ஊர் கைவிடவில்லை. நண்பர்கள் பணம் திரட்டினார்கள். எரிந்த வீடு மீண்டும் எழுந்தது. கட்டுரைகளைத் தொகுக்கும் வேலையை கேபட் என்ற நண்பர் ஏற்றார். எல்லனின் சுமையில் பாதி இறங்கியது.

1882 மார்ச்சில் கவிஞர் லாங்பெல்லோ இறந்தார். எமர்சனின் நெடுநாள் நண்பர். சவப்பெட்டி அருகே நின்று முகத்தைப் பார்த்தார் எமர்சன். நல்ல மனிதர் என்பது நினைவிருந்தது. பெயர் நினைவில்லை!

அடுத்த மாதம், ஏப்ரல் 27-ந் தேதி, எமர்சனும் காலமானார். எல்லனின் வேலை முடியவில்லை. அதே வீட்டில் தாயார் லிடியனை 1892 வரை பார்த்துக்கொண்டார்.