எஞ்சினைக் குளிர வைத்த மேபாக்



மேடு ஏறிய பழைய லாரி ஒன்று மூச்சு வாங்கியபடி சாலையோரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி வரும். ஓட்டுநர் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு, எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருப்பார். லாரியின் முகத்தில் வலை போலத் தெரிகிறதே, அதுதான் ரேடியேட்டர். எஞ்சினின் சூட்டை வெளியே தள்ளும் கருவி. அதற்கு நல்ல வடிவம் கொடுத்தவர் வில்ஹெல்ம் மேபாக். அவர் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மேபாக் 1846-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி, ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் பிறந்தார். தந்தை தச்சுத் தொழிலாளி. வீட்டில் ஐந்து ஆண் பிள்ளைகள். பத்து வயதில் மேபாக் தாயும் தந்தையும் இல்லாத பிள்ளை ஆகிவிட்டார். உங்களில் நாலாம், ஐந்தாம் வகுப்பு படிப்பவர்களின் வயது அது. ஒரே நாளில் எல்லாம் இருண்டதுபோல் இருந்திருக்கும் அல்லவா?

ராய்ட்லிங்கன் என்ற ஊரில் கஸ்டாவ் வெர்னர் என்பவர் ஆதரவற்றோர் இல்லம் நடத்தி வந்தார். அங்கே மேபாக்குக்கு இடம் கிடைத்தது. அந்த இல்லத்தில் சோறும் படிப்பும் மட்டுமல்ல, இயந்திரப் பட்டறையும் இருந்தது. பையனுக்குப் படம் வரைவதில் ஆர்வம் அதிகம். இயந்திரங்களை அளவெடுத்து வரையக் கற்றுக்கொண்டார். வேலை நேரம் போக, பள்ளியில் கணக்கும் இயற்பியலும் படித்தார். பத்தொன்பது வயதில் தேர்ந்த வடிவமைப்பாளர் ஆகிவிட்டார்.

அந்தப் பட்டறைக்குத் தலைவராக வந்தவர் காட்லீப் டைம்லர். மேபாக்கைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இளைஞனின் திறமையைக் கண்டுகொண்டார். அன்று தொடங்கிய நட்பு, டைம்லர் 1900-ஆம் ஆண்டில் இறக்கும்வரை நீடித்தது.

1882-ஆம் ஆண்டு இருவரும் கான்ஸ்டாட் என்ற ஊருக்கு வந்தார்கள். டைம்லர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு சிறு பட்டறை அமைத்து, கதவைச் சாத்திக்கொண்டு இரவு பகலாக வேலை செய்தார்கள். உள்ளே கள்ளப் பணம் அடிக்கிறார்களோ என்று சந்தேகம் கிளம்பிவிட்டது. யாரும் இல்லாத வேளையில் போலீசார் உள்ளே போய்ப் பார்த்தார்கள். அங்கே இருந்தவை எஞ்சின் பாகங்களும் கருவிகளும்தான்! அப்போதைய எஞ்சின்கள் நிமிடத்துக்கு 200 சுற்றுகூடச் சுற்றாதவை. இவர்கள் செய்த சிறிய எஞ்சின் 600 சுற்றுகள் சுற்றியது.

1896-ஆம் ஆண்டில் டைம்லரின் தொழிற்சாலை ஒரு மோட்டார் லாரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகின் முதல் லாரி என்று அதைச் சொல்கிறார்கள். அதன் எஞ்சினுக்கு 4 குதிரைத்திறன்தான். ஆனாலும் 1,500 கிலோ சுமையை இழுத்தது.

ஆனால், எஞ்சினின் பலம் கூடக் கூட ஒரு தொல்லையும் கூடியது. அதுதான் சூடு!

எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. பெரும்பகுதி வெறும் வெப்பமாகிவிடுகிறது. அதை வெளியேற்றாவிட்டால் எண்ணெய் நீர்த்துப்போகும். பிஸ்டன் விரிந்து சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். எஞ்சின் அத்துடன் சரி! அதனால் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீரை ஓடவிட்டார்கள். அந்தத் தண்ணீரும் கொதித்தால் என்ன செய்வது? நிறையத் தண்ணீரைச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. வண்டியின் பாரம் ஏறியது.

மேபாக் இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தார். தண்ணீரைக் கூட்டுவதற்குப் பதிலாக, காற்று படும் பரப்பைக் கூட்டினால் என்ன? அகலமான தட்டில் ஊற்றிய பால் சீக்கிரம் ஆறுகிறதே, அதே தத்துவம்தான். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்னஞ்சிறு சதுரக் குழாய்கள் 8,070-ஐ அடுக்கிப் பற்றவைத்தார். குழாய்களுக்குள் காற்று போகும். குழாய்களின் இடுக்குகளில் தண்ணீர் ஓடும். பின்னால் ஒரு விசிறி காற்றை இழுக்கும். பார்ப்பதற்குத் தேன்கூடு போலவே இருந்ததால் தேன்கூடு ரேடியேட்டர் என்று பெயர். 18 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்ட இடத்தில் 9 லிட்டர் போதும் என்று ஆயிற்று!

1900-ஆம் ஆண்டு டிசம்பரில், 35 குதிரைத்திறன் எஞ்சினுடன் அந்தக் கார் வெளிவந்தது. அதை வாங்கி விற்ற எலினெக் என்ற வியாபாரி தம் மகளின் பெயரை வைத்தார். அதுதான் மெர்சிடிஸ்! உழைத்தவரின் பெயர் காரில் இல்லை. 1907-ஆம் ஆண்டு மனக்கசப்போடு அந்த நிறுவனத்தைவிட்டே வெளியேறினார். அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. ஆனாலும் சோர்ந்து உட்காரவில்லை. 1909-இல் மகன் கார்லுடன் சேர்ந்து ஆகாயக் கப்பல்களுக்கு எஞ்சின் செய்யும் தொழிலைத் தொடங்கினார். பிறகு கார்ல் செய்த கார்களில் மேபாக் என்ற பெயர் மின்னியது. 1929 டிசம்பர் 29-ஆம் தேதி, 83 வயதில் அவர் மறைந்தார்.

குழந்தைகளே, இப்போது அந்தப் பழைய லாரியிடம் திரும்பி வருவோம். இன்றைய ரேடியேட்டரில் மெல்லிய குழாய்களுக்குள் தண்ணீர் ஓடுகிறது. வெளியே தகடுகளில் காற்று படுகிறது. உப்புத் தண்ணீரை ஊற்றினால் குழாய்க்குள் உப்புப் படியும், துருவும் சேரும், வழி அடைபடும். எனவே மெக்கானிக் எஞ்சினை நன்றாக ஆறவிட்டு, பழைய நீரை வடித்துவிடுவார். பிறகு வழக்கமாக ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் நல்ல தண்ணீரைச் செலுத்துவார். செந்நிறமாக வரும் நீர் தெளியும்வரை கழுவிவிட்டு, துருப்பிடிக்காமல் காக்கும் கூலன்டைச் சேர்ப்பார்.

லாரிக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறதா? எண்ணெய் வழிந்து எங்கெங்கோ ஓடும். சொட்டும் இடமே கசியும் இடம் என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் எஞ்சினைத் துடைத்துச் சுத்தம் செய்து, ஓடவிட்டு, ஈரம் எங்கே முதலில் தெரிகிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலும் இரண்டு பாகங்களுக்கு நடுவே வைக்கும் கேஸ்கட் காய்ந்து வெடித்திருக்கும். அதை மாற்றி, போல்ட்டுகளை ஒரே சீராக முறுக்குவார்கள். அதிகச் சூடு கேஸ்கட்டையும் கெடுக்கும். ரேடியேட்டர் நீரில் எண்ணெய் மிதந்தால், உள்ளே ஏதோ பழுது என்று அர்த்தம்.

ஒன்றை மறக்காதீர்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடித்துவிடும்.

மேபாக்கின் குழாய்கள் விரல் நுழையாத அளவு சிறியவை. ஆனால் அவை ஒவ்வொன்றும் தன் பங்குச் சூட்டை வாங்கிக்கொண்டதால்தான் அவ்வளவு பெரிய எஞ்சின் ஓடியது. ஆதரவற்ற சிறுவன் ஒருவனுக்கு ஓர் இல்லம் இடம் கொடுத்ததும் அப்படி ஒரு சிறிய உதவிதான். அதன் பலனை இன்றும் சாலையில் ஓடும் வண்டிகளில் பார்க்கிறோம். உங்கள் வகுப்பிலும் துணையில்லாமல் ஒரு பிள்ளை தனியே உட்கார்ந்திருக்கலாம். நாளைக்கு அருகில் போய் உட்காருங்கள்.