இசையை எழுதி வைத்த சின்னசாமி முதலியார்



திருவிழாக் காலம் நெருங்கினால், நம் நெய்வேலி, வடக்குத்துப் பகுதிப் பாடகர் குழுப் பிள்ளைகள் கைப்பேசியில் இசைத்தாள் தேடுவதை நாம் காண்கிறோம். 1750இல் மறைந்த பாக் என்னும் ஜெர்மானிய இசைமேதையின் நான்கு ஆர்கெஸ்ட்ரா சூட்களும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2006இல் தொடங்கப்பட்ட பெட்ருச்சி இசை நூலகத்தில் வயலினுக்குத் தனித்தாள், எக்காளத்துக்குத் தனித்தாள் என்று எடுத்துக்கொள்ளலாம். எழுதி வைத்ததனால்தான் அவை நம் கைக்கு வந்தன. நம் நாட்டு இசையை இப்படி எழுத ஒருவர் தம்மையே கரைத்துக்கொண்டார் என்பதை நம்மில் பலர் அறியோம். இசை ஆய்வாளர்கள் நன்கறிந்த அவர் பெயர் ஏ. எம். சின்னசாமி முதலியார்.

இவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர். எம்.ஏ. பட்டம் பெற்று, சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றியவர். கர்நாடக இசையிலும் மேற்கத்திய இசையிலும் பயிற்சி பெற்றிருந்தார். அந்நாளில் நம் கீர்த்தனைகள் குருவின் வாயிலிருந்து சீடனின் காதுக்குச் சென்றன. சுவர எழுத்துகளில் குறிப்பு எடுத்தவர்களும் உண்டு. ஆனால் அவை தனி வீடுகளில் முடங்கிக் கிடந்தன. வித்துவான் ஒருவர் கண்மூடினால், அவரோடு எத்தனையோ உருப்படிகளும் போயின. 1847இல் தியாகராஜரும், அதற்கு முன் 1835இல் முத்துசாமி தீட்சிதரும் மறைந்த பின், அவர்களுடைய பாடல்கள் இந்த நிலையில்தான் இருந்தன.

முதலியார் ஐந்து கோட்டு மேற்கத்திய முறையைத் தேர்ந்துகொண்டார். அதில் ஒலியின் உயரம் கோட்டில் தெரியும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது குறியின் வடிவத்தில் தெரியும். உலகில் எவரும் படித்து வாசிக்கலாம். தியாகராஜரின் சீடரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் மகன் கிருஷ்ணசாமி பாகவதரிடமிருந்து கீர்த்தனைகளைக் கேட்டு எழுதினார். 1890களின் தொடக்கத்தில் அவற்றை மாதந்தோறும் ஆங்கிலத்தில் இதழாக வெளியிடத் தொடங்கினார். ஐரோப்பியக் குறிமுறையில் கீழை நாட்டு இசை என்பது அதன் தலைப்பின் பொருள். அச்சிட்ட அச்சகத்தின் பெயர் ஆவே மரியா அச்சகம்! தியாகராஜரின் இராம பக்திப் பாடல்கள் அன்னையின் பெயர் தாங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்தன என்பதை நினைக்க நமக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. நம் இசையின் உயிர் கமகம், அதாவது ஒரு சுவரத்திலிருந்து மற்றொன்றுக்கு வளைந்தும் அசைந்தும் செல்வது. கோட்டில் வைத்த புள்ளி அதை முழுதாகச் சொல்லாது. இன்றும் கீபோர்டில் கீர்த்தனை வாசிப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

இந்தப் பணியில் அவருக்குத் துணை நின்றவர் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் (1839-1906). முத்துசாமி தீட்சிதரின் தம்பியும், ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குக் கொண்டுவந்தவருமான பாலுசாமி தீட்சிதர் இவரைத் தத்தெடுத்து வளர்த்தார். குடும்பத்தின் இசைச் செல்வம் முழுவதும் இவரிடம் இருந்தது. ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் வைதீகப் பிராமணர். இருவரும் சேர்ந்து உழைத்தார்கள்.

இதழுக்கு ஆதரவு போதவில்லை. முதலியாரின் கைப்பொருள் கரைந்தது. ஓயாத எழுத்து வேலையில் கண்பார்வையும் மங்கியது. நம்மைப் போன்றவர்கள் அத்தோடு விட்டிருப்போம். அவரோ 1899இல், பார்வை குன்றிய நிலையில், எட்டயபுரம் அரண்மனைக்குச் சென்றார். தமக்கென எதுவும் கேட்கவில்லை. சுப்பராம தீட்சிதரிடமுள்ள கீர்த்தனைகளையெல்லாம் நூலாக அச்சிட உதவ வேண்டும் என்று எட்டப்ப மன்னரிடம் வேண்டினார். வெளியிடத் தயங்கிய தீட்சிதரும் இசைந்தார். இந்த நூலுக்கு ஐந்து கோட்டு முறை வேண்டாம், நம் சுவர எழுத்துகளே போதும் என்றாயிற்று. கமகங்களுக்கு மட்டும் தனிக் குறிகள் சேர்க்கப்பட்டன. தம் முறைதான் நிலைக்க வேண்டும் என்று முதலியார் பிடிவாதம் பிடிக்கவில்லை. நமக்கு இதுவே அவருடைய மிகப் பெரிய செயலாகத் தோன்றுகிறது.

1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் எட்டயபுரத்தில் வெளிவந்தது. முத்துசாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் அதில் இருக்கின்றன. அதை அச்சில் காண முதலியார் உயிரோடு இல்லை. பின்னர் சென்னை மியூசிக் அகாடமி அதனைத் தமிழில் கொண்டுவந்தது. இப்போது அந்நூலை ஆங்கில வடிவில் இணையத்திலேயே படிக்கலாம். வயலின் கற்கும் நம் பிள்ளைகள் அடுத்த முறை இசைத்தாள் தேடும்போது இதனையும் தேடிப் பார்க்கட்டும்.