அன்னை கஸ்தூரிபாவும் பொருள் வரைதலும்

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக வைக்கப்பெற்றது மிகுபொருள் விரும்பாமை. இதனைப் பரிக்கிரகப் பரிமாணம் என்றும், பொருள் வரைதல் என்றும் கூறுவர். நிலம், மனை, பொன், வெள்ளி, கால்நடை, தானியம், ஆடை, பாத்திரம் என இல்லத்தில் உள்ள ஒவ்வொரு வகைக்கும் இவ்வளவு போதும் என ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டதை விடுதல் இவ்விரதத்தின் இயல்பு. முனிவர் பெருமக்கள் முற்றத் துறப்பர். சிராவகரும் சிராவகியரும் அளவிட்டுத் துறப்பர். அந்த அளவைப் பிறர் வகுத்துத் தருதல் இல்லை; விரதம் ஏற்பவரே தம் உளமார எண்ணி ஏற்றல் வேண்டும்.

முதுமையில் பெரிய வீட்டை விட்டுச் சிறிய இடத்திற்கோ, பிள்ளைகளின் இல்லத்திற்கோ செல்ல வேண்டிய நிலை இன்று நம் குடும்பங்கள் பலவற்றிலும் நேர்கிறது. ஐம்பது ஆண்டுகள் சேர்த்த பொருள்களை எவ்வாறு விடுவது, யார் சொல்லி விடுவது என்னும் வினாக்கள் அப்போது எழுகின்றன. இவ்வினாக்களை வாழ்நாள் முழுதும் எதிர்கொண்ட பெண்மணி ஒருவரின் வரலாற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் கஸ்தூரிபா காந்தி அம்மையார். அவர் வைணவ வணிகர் குடியில் தோன்றியவர். ஆயினும் அவர்தம் இல்லத்திற்கும் நம் அறத்திற்கும் தொடர்பு உண்டு. 1888-இல் காந்தியடிகள் இங்கிலாந்து செல்லுமுன், மது, மாமிசம், மாதர் ஆகியவற்றைத் தீண்டாதிருக்கும் உறுதியை அவருக்கு அளித்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர். பின்னர் 1891-இல் பம்பாயில் அறிமுகமாகி, அடிகளாரின் உள்ளத்தை ஆழமாகத் தொட்டவர் இராஜசந்திரர் என்னும் சமணச் சான்றோர்.

பிறப்பும் மணமும்

கஸ்தூரிபா 1869-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், குசராத்தின் கடற்கரை நகரமாகிய போர்பந்தரில் பிறந்தார். தந்தையார் கோகுல்தாஸ் மாகன்ஜி வளமிக்க வணிகர். அக்கால வழக்கப்படி பெண் குழந்தையாகிய அவருக்குப் பள்ளிக்கல்வி வாய்க்கவில்லை. 1883-இல், பதின்மூன்று பதினான்கு வயதளவில், மோகன்தாஸ் காந்தியை மணந்தார். வளமான வீட்டுப் பெண்ணுக்குரிய அணிகலன்கள் அவருடன் வந்தன.

அந்த அணிகலன்கள் அவரிடம் நிலைக்கவில்லை. 1888-இல் கணவரின் வெளிநாட்டுப் படிப்பிற்குப் பணம் தேடியபோது, அவற்றை விற்றால் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் தேறும் என்ற எண்ணம் கணவருக்கு எழுந்தது. அப்போது தமையனார் பொறுப்பேற்றுக்கொண்டார். எனினும் 1902 வாக்கில், மனைவியின் அணிகலன்களை ஏறக்குறைய முழுதும் விற்றுவிட்டதை எண்ணிக் காந்தியடிகள் கவலையுற்றார் என்பதை அவர்தம் சத்தியசோதனை காட்டுகிறது. அக்கவலையால் பம்பாயில் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு செய்தார். பின்னர் தென்னாப்பிரிக்காவில் உடைமை பற்றிய எண்ணம் மாறவே, தவணை கட்டாமல் அதனையும் கைவிட்டார். ஆக, அம்மையாரின் காப்பாக இருந்த பொன்னும் போயிற்று, பொன்னுக்கு ஈடாக வந்த பத்திரமும் போயிற்று.

டர்பனில் நிகழ்ந்தது

1896-இன் இறுதியில் அம்மையார் இரு மைந்தருடன் கணவரோடு தென்னாப்பிரிக்கா புறப்பட்டார். நாகரிகமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பார்சி முறையில் சேலை உடுக்கவும், காலுறையும் காலணியும் அணியவும், கத்தி முள்கரண்டி கொண்டு உண்ணவும் கணவர் பணித்தார். விருப்பமின்றியே அவர் அவற்றை ஏற்றார். சில ஆண்டுகளில் அவை எல்லாம் வேண்டா எனத் தள்ளப்பட்டன. சேர்த்தபோதும் அவரைக் கேட்கவில்லை, நீக்கியபோதும் கேட்கவில்லை என்பதை நாம் இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும்.

1901-இல் தாயகம் திரும்ப முடிவு செய்தபோது, நேட்டால் வாழ் இந்தியர்கள் பிரிவுபசாரக் கூட்டங்கள் நடத்திப் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகள் குவித்தனர். அவற்றுள் ஐம்பது கினி மதிப்புள்ள பொன் கழுத்தணி ஒன்று அம்மையாருக்கென்றே அளிக்கப்பட்டது. காந்தியடிகள் அன்றிரவு உறங்கவில்லை. பொதுத்தொண்டுக்குக் கூலி பெறலாகாது எனத் தெளிந்து, பார்சி ருஸ்தம்ஜி முதலியோரைப் பொறுப்பாளராகக் கொண்டு அறக்கட்டளை அமைப்பதற்கான மடலை எழுதினார். விடிந்ததும் முதலில் சிறுவர்களை இசையச் செய்தார். அதன் பின்னரே அம்மையாரிடம் வந்தார்.

அம்மையார் எளிதில் இணங்கவில்லை. தமக்கு அணிய விருப்பமில்லை எனினும், நாளை வரும் மருமகள்களுக்கு வேண்டாவா என்று கேட்டார். அன்போடு அளித்த பொருளைத் திருப்புவது தகுமா என்றார். தமக்கென அளித்த கழுத்தணியின்மீது கணவருக்கு என்ன உரிமை என்றும் வினவினார். அது தம் தொண்டுக்காக வந்தது என்று அடிகளார் கூறியபோது, கணவரின் தொண்டில் தம் உழைப்பும் அடங்கும் என்றும், இரவு பகலாக வீட்டில் உழைத்தது தொண்டாகாதா என்றும் கண்ணீருடன் கேட்டார். அச்சொற்கள் தம்மைத் தைத்தன என அடிகளாரே ஒப்புகிறார். ஆயினும் முடிவு மாறவில்லை. அம்மையாரின் இசைவு ஒருவாறு வாங்கப்பட்டது. 1896-இலும் 1901-இலும் வந்த பரிசுகள் அனைத்தும் வங்கியில் வைக்கப்பெற்று, சமூகப் பணிக்கு உரிமையாயின.

அறக்கட்டளை நன்று என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் அம்மையாரும் அதன் நன்மையை உணர்ந்தார் என்று அடிகளார் எழுதுகிறார். எனினும் அவர் அன்று கேட்ட வினாவின் நியாயம் இன்றும் குறையவில்லை. ஒரு வீட்டின் பொருள் ஈட்டியவருக்கு மட்டும் உரியதன்று. துலக்கி, துடைத்து, பூட்டி, எண்ணிக் காத்தவருக்கும் உரியது.

தாமே ஏற்ற எளிமை

1904-இல் டர்பன் அருகே ஏறத்தாழ நூறு ஏக்கரில் பீனிக்ஸ் குடியிருப்பு தோன்றியது. தகரக் கூரை வீடுகள், குடும்பத்திற்கு மூன்று ஏக்கர் நிலம், மாதம் மூன்று பவுன் படி என்பது அங்கிருந்த நிலை. வழக்கறிஞரின் வளமான இல்லத்தை நடத்திய அம்மையார் அங்கு வந்து வாழ்ந்தார்.

அந்நாள்களில் நிகழ்ந்த ஒன்று நம் கருத்தை ஈர்க்கிறது. அம்மையார் நோயுற்றிருந்தபோது, உப்பையும் பருப்பையும் விடுமாறு கணவர் வேண்டினார். உங்களால் அவற்றை விட முடியுமா என்ற பொருள்பட அம்மையார் கேட்டார். அக்கணமே அடிகளார் ஓராண்டுக்கு அவற்றை விடுவதாக உறுதி பூண்டார். அம்மையார் பதறி, தாமே விட்டுவிடுவதாகவும், கணவர் தம் உறுதியைத் திரும்பப் பெறவேண்டும் எனவும் வேண்டினார். அவர் பெறவில்லை. கழுத்தணியை விடச் சொன்னபோது வாராத மனம், சொன்னவர் தாமும் விட்டபோது வந்தது.

1913-இல் கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்னும் பொருளில் நீதிபதி சியர்ல் தீர்ப்பு வழங்கினார். சிறை புகும் குழுவைப் பற்றிக் கணவர் பிறரிடம் உரையாடுவதைக் கேட்ட அம்மையார், தம்மைத் தவிர்க்கத் தம்மிடம் என்ன குறை கண்டார் என்று கேட்டுத் தாமே முன்வந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பீனிக்சிலிருந்து புறப்பட்ட பதினாறு பேருள் அவரும் ஒருவர். மூன்று மாதக் கடுங்காவல் பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறையினின்று உடல் நலிந்து வெளிவந்தார். வீட்டை விட்டுச் செல்லுமாறு அவரை எவரும் பணிக்கவில்லை. அதே போராட்டத்தில் அச்சிறையில் இருந்த தில்லையாடி வள்ளியம்மை காய்ச்சலோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22-இல் உயிர் நீத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து அம்மையார் மறைந்ததும் அதே நாளில் ஆகும்.

நான்கு ரூபாய்

1915-இல் தாயகம் வந்தபின் அகமதாபாத் அருகே கோச்ரப்பிலும், 1917 முதல் சபர்மதியிலும் ஆசிரமம் நடந்தது. உடைமை இன்மை அங்குள்ள விரதங்களுள் ஒன்று. 1929-இல், பார்க்க வந்தோர் தமக்கு அளித்த நான்கு ரூபாயை அம்மையார் அலுவலகத்தில் சேர்க்காமல் வைத்திருந்தார் எனத் தெரியவந்தது. அதற்கு முன்னும் இவ்வாறு சிறு தொகை சேர்த்திருந்தார். அடிகளார் இதனைத் தம் நவஜீவன் இதழில் நாடறிய எழுதினார்.

நம் வீடுகளில் தாய்மார் அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்த்துவைக்கும் சிறுவாட்டுப் பணத்தை நாம் அறிவோம். பேரனுக்குத் தின்பண்டம், மகளுக்கு வளையல், ஏழை உறவினருக்கு உதவி என அது செல்லும் வழிகளையும் அறிவோம். விதிமுறை விதிமுறைதான்; அம்மையார் வருந்தித் திருத்திக்கொண்டார். ஆயினும் ஒன்றன்பின் ஒன்றாக அனைத்தையும் கையினின்று விட்ட ஒரு பெண்ணின் விரல்கள் நான்கு ரூபாயைப் பற்றியதை நாம் கடிந்துரைக்கத் துணியோம். பற்று இவ்வளவு நுண்ணியது, அது நீங்கக் காலம் வேண்டும் என்றே அறிகிறோம்.

இறுதி ஆண்டுகள்

1936 முதல் வார்தா அருகே சேவாகிராமத்தில் வாழ்வு அமைந்தது. கூட்டம் மிகுந்த அவ்விடத்தில் அம்மையாருக்கெனச் சிறு குடில் ஒன்று எழுந்தது. அது பா குடில் என்றே இன்றும் வழங்குகிறது. அனைத்தையும் துறந்தோர்க்கும் தமக்கென ஒரு கதவும் ஒரு சுவரும் வேண்டும் என்பதை அக்குடில் நினைவூட்டுகிறது.

1942 ஆகஸ்டு 9-ஆம் நாள் அம்மையார் பம்பாயில் சிறைப்பட்டு, பின் புனே ஆகாகான் மாளிகையில் வைக்கப்பட்டார். எழுபதைக் கடந்த அவ்வயதில் கணவரிடம் குசராத்தியும் பூகோளமும் கற்றார். ஆசிரியப் பணியில் வாழ்நாளைக் கழித்த நமக்கு இச்செய்தி பெருமகிழ்வு தருவது. பொருளைச் சேர்க்கும் ஆசை அடங்கியபின்னும் கற்கும் ஆசை அவரிடம் அடங்கவில்லை.

1944 பிப்ரவரி 22, சிவராத்திரி நாளில், அம்மாளிகையிலேயே அவர் மறைந்தார். கணவர் நூற்ற நூலில் நெய்த சேலை அவருக்கு உடுத்தப்பெற்றது. எரியூட்டியபின் சாம்பலில் அவருடைய ஐந்து கண்ணாடி வளையல்கள் உடையாமல் கிடந்தன என்று உடனிருந்தோர் பதிவு செய்துள்ளனர். கினி மதிப்பில் அணி பெற்றவருக்கு எஞ்சியவை அவ்வளையல்களே. அவர் பெயரால் 75 இலட்சம் ரூபாய் திரட்ட முனைந்து, அதனினும் மிகுதியாகவே மக்கள் அளித்தனர். அந்நிதி சிற்றூர்ப் பெண்கள், குழந்தைகளின் நலத்துக்கு உரியதாயிற்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி எனப்பட்ட மகளிர் மருத்துவமனையும் 1948-இல் அவர் பெயரைப் பெற்றது.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து இரு சாராருக்கும் சில கூற விரும்புகிறோம். முதலாவது, பெற்றோரின் வீட்டைச் சுருக்க முனையும் மக்களுக்கு. தாய் ஊர் சென்றிருக்கும் நேரம் பார்த்துப் பரணைக் காலி செய்யாதீர்கள். பெயர் பொறித்த பித்தளைப் பாத்திரம் உங்களுக்கு எடை. அவருக்கோ அது தம் தாய்வீட்டின் வாயில். ஒவ்வொன்றையும் அவர் கையில் கொடுத்து, அதன் கதையைக் கேட்டு, யாருக்குச் சேரவேண்டும் என்பதையும் கேளுங்கள். அவர் ஒன்றிரண்டை வைத்துக்கொள்ள விரும்பின், வாதிடாமல் விடுங்கள். நீங்களும் உங்கள் அலமாரியில் சிலவற்றை அவரோடு சேர்ந்து விடுங்கள்.

இரண்டாவது, நம்மையொத்த முதியோர்க்கு. பிறர் வந்து எடுக்கும்வரை காத்திராமல், கை வலிமையோடு இருக்கும்போதே நம் அளவை நாமே வகுப்போம். உணவு, மருந்து, அடைக்கலம், நூல் என நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானங்களுக்கு நம் பரணிலும் பெட்டியிலும் உள்ளவை பெரிதும் பயன்படும். மிகுந்த பாத்திரங்கள் ஜினாலயத்து அன்னதானத்திற்கு ஆகும். உடுக்காத ஆடைகள் இல்லாதோர்க்கு ஆகும். பழைய ஏட்டுச்சுவடிகளையும் நூல்களையும் மட்டும் எடைக்குப் போட வேண்டா. மேல்சித்தாமூர் மடத்திலோ, அவற்றைப் படிப்போர் கையிலோ சேர்ப்பது சாத்திர தானமாகும்.

பொருளின்மேல் உள்ள மயக்கமே உடைமை என்பது நம் ஆகமங்களின் கருத்து. அம்மயக்கத்தை அன்னை கஸ்தூரிபா ஒரே நாளில் வென்றுவிடவில்லை. கேட்டார், அழுதார், ஒளித்துவைத்தார், வருந்தினார், பின்னர்த் தாமே விட்டார். நம் இல்லங்களிலும் அவ்வாறே நிகழும். விடுவோர்க்குக் காலமும், விடச் சொல்வோர்க்குப் பொறுமையும் அமைவனவாகுக.