இழந்தவற்றிலிருந்து ஓர் இல்லம்: பண்டித ரமாபாயின் விசுவாச வாழ்க்கை

பெண் கல்விக்காகவும் கைம்பெண்களின் மறுவாழ்வுக்காகவும் தமது வாழ்நாளை அளித்த பண்டித ரமாபாயின் நினைவு நாள் ஏப்ரல் 5. புனேவுக்கு அருகேயுள்ள கேட்காவ் என்ற ஊரில் 1922-ஆம் ஆண்டு அந்த நாளில் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 63. பெற்றோர், உடன்பிறந்தோர், கணவர், இறுதியில் ஒரே மகள் என ஒவ்வொருவராக இழந்தவர் அவர். ஆயினும், ஆதரவற்ற ஆயிரக்கணக்கான பெண்கள் தாயாகக் கருதும் இடத்தை அவர் அடைந்தார். அதற்கான வலிமையைத் தமது கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்தே பெற்றதாக அவர் கருதினார்.

காட்டில் தொடங்கிய கல்வி

1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள கங்காமூலா என்ற இடத்தில் ரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சமஸ்கிருத அறிஞர். சித்பாவன் பிராமண வகுப்பைச் சேர்ந்தவர். பெண்கள் சமஸ்கிருதம் கற்பதைச் சமூகம் ஏற்காத காலத்தில், தம் மனைவி லட்சுமிபாய்க்கு அவர் அம்மொழியைக் கற்பித்தார். அதற்கு எழுந்த எதிர்ப்பால் ஊரை விட்டு விலகி, காட்டுப் பகுதியில் குடியேறினார்.

தாம் பெற்ற கல்வியை லட்சுமிபாய் தம் மகளுக்கு அளித்தார். பொழுது புலரும் முன்பே சிறுமியை எழுப்பிப் பாடம் சொல்லித் தருவது அவரது வழக்கம். பள்ளி வாசலையே மிதிக்காத ரமாபாய், பாகவத புராணத்தின் ஆயிரக்கணக்கான சுலோகங்களை மனப்பாடமாக அறிந்திருந்தார்.

பின்னர் அக்குடும்பம் தலந்தோறும் யாத்திரை சென்று, புராணங்களைப் பாராயணம் செய்து, கிடைத்த காணிக்கையில் வாழ்ந்து வந்தது. 1870-களில் தென்னிந்தியாவைப் பஞ்சம் வாட்டியபோது அந்த வாழ்வு குலைந்தது. சில மாதங்களுக்குள் தந்தை, தாய், மூத்த சகோதரி ஆகிய மூவரும் மடிந்தனர். எஞ்சிய ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும் பசியோடு நாட்டின் பெரும்பகுதியைக் கால்நடையாகவே கடந்தனர். பசித்த பெண்ணுக்குப் புகலிடம் இல்லாத நிலை எத்தகையது என்பதை ரமாபாய் அந்த நெடும் பயணத்தில் உணர்ந்தார்.

1878-இல் கல்கத்தாவை அடைந்த ரமாபாயின் புலமை அங்குள்ள அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்கள் அவருக்கு வழங்கப்பட்டன. ஆயினும் சாஸ்திரங்களை மேலும் ஆழ்ந்து கற்கக் கற்க, பெண்களைப் பற்றி அவற்றில் கண்ட கருத்துகள் அவர் மனத்தில் கேள்விகளை எழுப்பின.

மணமும் கைம்மையும்

1880-இல் அண்ணனும் காலமானார். அதே ஆண்டில், வங்காள வழக்கறிஞர் பிபின் பிஹாரி மேத்வியை ரமாபாய் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். சாதியையும் மொழியையும் கடந்த அம்மணம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. மறு ஆண்டு மகள் மனோரமா பிறந்தார். 1882 பிப்ரவரியில் கணவர் காலராவுக்குப் பலியானார். கைக்குழந்தையுடன் 23 வயதில் ரமாபாய் கைம்பெண்ணானார்.

அக்காலத்தில் உயர்சாதிக் கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்டிருந்தவை தலைமழிப்பும், ஒருவேளை உணவும், வீட்டின் இருண்ட மூலையுமே. ரமாபாய் அவற்றை ஏற்கவில்லை. புனேவுக்குச் சென்று 'ஆரிய மகிளா சமாஜ்' என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டில் அரசின் ஹண்டர் கல்விக் குழு முன் மராத்தியில் சாட்சியம் அளித்தார். பெண்களுக்குக் கற்பிக்கப் பெண் ஆசிரியர்களும், மருத்துவம் பார்க்கப் பெண் மருத்துவர்களும் தேவை என்று அவர் அங்கு வலியுறுத்தினார்.

இங்கிலாந்தில் ஏற்பட்ட திருப்பம்

மருத்துவம் பயிலும் விருப்பத்துடன் 1883-இல் இங்கிலாந்து சென்ற ரமாபாய், வாண்டேஜ் நகரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார். செவித்திறன் குறைந்துவந்ததால் மருத்துவக் கனவு கைகூடவில்லை. அந்நிலையில்தான், லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில் கன்னியர் நடத்திய மீட்பு இல்லத்தைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சமூகம் வழிதவறியவர்கள் என்று ஒதுக்கிய பெண்களை அங்கிருந்தவர்கள் அன்புடன் அரவணைத்து, புதுவாழ்வு தொடங்க உதவினர்.

இத்தகைய பெண்களிடம் இவ்வளவு பரிவு காட்ட எது தூண்டுகிறது என்று அவர் வினவினார். இயேசு கிறிஸ்து சமாரியப் பெண்ணிடம் உரையாடிய நற்செய்திப் பகுதியைக் கன்னியர் அவருக்கு வாசித்துக் காட்டினர். பிறர் விலக்கிய பெண்ணை மதித்துப் பேசிய அந்நிகழ்வு அவர் உள்ளத்தைத் தொட்டது. 1883 செப்டம்பர் 29-ஆம் தேதி ரமாபாயும் மகளும் திருமுழுக்குப் பெற்றனர்.

புதிய விசுவாசம் அவரது கேள்விகளை அடக்கிவிடவில்லை. திருச்சபைக் கோட்பாடுகள் சிலவற்றைத் தம் மனச்சான்றுக்கு ஏற்பவே அவர் சோதித்தறிய விரும்பினார். ஆண் மாணவர்களுக்கு அவர் பாடம் நடத்துவதற்கு ஆயர்கள் ஆட்சேபம் தெரிவித்தபோது அதை எதிர்த்து வாதிட்டார். சிலுவையில் லத்தீன் எழுத்துகள் எதற்கு, சமஸ்கிருதம் இருக்கலாகாதா என்றும் கேட்டார். இறுதிவரை சைவ உணவையே உண்டார்.

சாரதா சதனும் புயலும்

1886-இல், அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெறவிருந்த தம் உறவினர் ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்பு விழாவுக்காக ரமாபாய் ஃபிலடெல்ஃபியா சென்றார். அங்கு அவர் எழுதிய 'உயர்சாதி இந்துப் பெண்' என்ற ஆங்கில நூல் 1887-இல் வெளியாகி, இந்தியக் கைம்பெண்களின் நிலையை உலகறியச் செய்தது. பாஸ்டனில் அமைக்கப்பட்ட ரமாபாய் சங்கம் 10 ஆண்டுகளுக்கு நிதி அளிக்க முன்வந்தது.

1889 மார்ச் 11-ஆம் தேதி பம்பாயில் 'சாரதா சதன்' திறக்கப்பட்டது. மறு ஆண்டு அது புனேவுக்கு மாறியது. மதச் சார்பின்றிக் கல்வி அளிப்பதும், மாணவியர் தத்தம் சமய ஆசாரங்களைப் பின்பற்ற இடமளிப்பதும் அதன் ஏற்பாடு. ரானடே, பண்டார்கர் போன்ற சீர்திருத்தவாதிகள் ஆலோசனைக் குழுவில் இருந்தனர்.

ரமாபாய் தம் அறையில் ஜெபிக்கும்போது கதவை மூடுவதில்லை. மாணவியர் சிலர் அங்கு வந்து அமரத் தொடங்கினர். இது மதமாற்ற முயற்சி என்று பாலகங்காதர திலகரின் 'கேசரி' கண்டித்தது. நம்பிக்கையுடன் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களின் அச்சமும் எளிதில் ஒதுக்கத்தக்கதாக இல்லை. 1893-இல் ஆலோசனைக் குழுவினர் விலகினர். மாணவியர் பலரைப் பெற்றோர் அழைத்துச் சென்றனர். அமெரிக்க ஆதரவாளர்களிடமும் ரமாபாய் விளக்கம் அளிக்க நேர்ந்தது. தம் விசுவாசத்தை மறைத்து வாழ அவர் இசையவில்லை. கதவு திறந்தே இருந்தது.

எனினும் சாரதா சதனின் விதை வேறிடங்களிலும் முளைத்தது. அதன் தொடக்க கால மாணவியான கோதுபாய் என்ற இளம் கைம்பெண், 1893-இல் தோண்டோ கேசவ் கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். கார்வே பின்னாளில் கைம்பெண்களுக்கான இல்லத்தையும், 1916-இல் இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக்கழகத்தையும் நிறுவினார்.

பஞ்சத்தில் பிறந்த 'முக்தி'

கிறிஸ்தவ மதத்தை ஏற்றும் கிறிஸ்துவைத் தாம் முழுமையாக அறியவில்லை என்ற ஏக்கம் ரமாபாயிடம் சில ஆண்டுகள் இருந்தது. 1891-ஆம் ஆண்டளவில் அந்த ஏக்கம் தீர்ந்ததாகத் தமது சாட்சிய நூலில் அவர் பதிவு செய்துள்ளார். அதன்பின் நடந்தவற்றில் அந்த உறுதியின் தடம் தெரிகிறது.

1896-97-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் தாக்கியது. உணவின்றி அலைந்த சிறுமியரில் ரமாபாய் தம் பழைய நாட்களைக் கண்டார். நேரில் சென்று சுமார் 300 பெண்களையும் சிறுமியரையும் அழைத்துவந்தார். புனேயில் அப்போது பிளேக் நோய் பரவியதால், பம்பாய்–சென்னை ரயில் பாதையில் கேட்காவில் தாம் வாங்கியிருந்த நிலத்தில் அவர்களைக் குடியமர்த்தினார். அதுவே 'முக்தி சதன்' ஆயிற்று. 1900-இல் குஜராத் பஞ்சத்தில் மீட்கப்பட்டோரும் சேர, அங்கு வாழ்ந்தோர் தொகை ஆயிரத்தைக் கடந்தது.

அவர்களுக்கு உணவளிப்பதோடு ரமாபாய் நின்றுவிடவில்லை. உழவு, நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், பால் பண்ணை, பிரம்பு முடைதல், அச்சுக்கோப்பு எனத் தொழில்களைக் கற்பித்தார். ஃபுல்ஹாமில் கண்டதன் தொடர்ச்சியாக, சமூகத்தால் புறக்கணிக்கப்பட்ட பெண்களுக்கென 'கிருபா சதன்' அமைந்தது. பார்வையற்றோருக்குப் பிரெய்ல் எழுத்தில் கற்பிக்கும் பணியில் மகள் மனோரமா ஈடுபட்டார்.

பெண்கள் அச்சுக்கோத்த வேதாகமம்

எளிய கிராமத்துப் பெண்ணும் படித்துப் புரிந்துகொள்ளும் மராத்தியில் வேதாகமம் இருக்க வேண்டும் என்று ரமாபாய் விரும்பினார். அதற்காக எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் கற்று, மூலத்திலிருந்தே மொழிபெயர்த்தார். ஒரு காலத்தில் எழுத்தறியாதிருந்த முக்தி சதனின் பெண்களே அதற்கு அச்சுக்கோத்தனர். அந்த வேதாகமம் 1924-இல், அவர் மறைந்த பின்னரே வெளியானது.

1919-இல் ஆங்கில அரசு அவருக்குக் 'கைசர்-இ-ஹிந்த்' பதக்கம் வழங்கியது. 1921 ஜூலையில், தம் பணியைத் தொடர்வார் என்று நம்பியிருந்த மகள் மனோரமாவை அவர் பறிகொடுத்தார். அத்துயரிலும் மொழிபெயர்ப்புப் பணியைக் கைவிடவில்லை. ஒன்பது மாதங்களுக்குள் அவரும் விடைபெற்றார்.

1989-இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. கேட்காவில் முக்தி இல்லம் இன்றும் இயங்கி வருகிறது. துயரம் தம்மை நெருங்காதபடி விசுவாசம் காக்கும் என்று ரமாபாய் எதிர்பார்த்ததாக அவரது வாழ்வு காட்டவில்லை. பசி வந்த பாதையிலேயே பசித்தோரைத் தேடிச் சென்றார். கைம்மை தந்த தனிமையிலிருந்து கைம்பெண்களுக்கு ஒரு வீட்டை எழுப்பினார். இழப்பின் நடுவே தம் வாழ்வுக்கு என்ன பொருள் என்று கேட்கும் பெண்களுக்கு, அவர் விட்டுச்சென்ற விடை அந்த வீடுதான்.