துல்சாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு: 75 ஆண்டுகள் நீடித்த ஒரு குற்றச்சாட்டு

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1935-ஆம் ஆண்டு காலமானபோது, ஜே.பி. ஸ்ட்ராட்ஃபோர்டு ஓக்லஹோமா மாநில நீதித்துறையின் ஏடுகளில் தேடப்படும் நபராகவே இருந்தார். ஆனால், அநீதியை எல்லாம் நீதிமன்றத்திலேயே எதிர்கொள்ள முனைந்த வழக்கறிஞர் அவர்.

கென்டக்கி மாநிலத்தில் 1861-இல் பிறந்தார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒருவரின் மகன். ஓபர்லின் கல்லூரியில் படித்து, இண்டியானாபொலிஸில் சட்டம் பயின்று, 1899-இல் துல்சா நகரில் குடியேறினார். ரயில் பாதைக்கு வடக்கே நிலம் வாங்கி, மனைகளாகப் பிரித்து, கறுப்பின மக்களுக்கு மட்டுமே விற்றார். கிரீன்வுட் என்ற செழிப்பான பகுதி உருவானதில் அந்த விற்பனைக்குப் பெரும் பங்குண்டு. 1918-இல் அங்கே அவர் எழுப்பிய ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலில் 54 அறைகள் இருந்தன.

ரயிலில் கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து அமர்த்துவதை எதிர்த்து மிட்லேண்ட் வேலி ரயில் நிறுவனத்தின் மீது அவர் வழக்குத் தொடுத்தார். மாநில உச்ச நீதிமன்றம் 1912-இல் அதை நிராகரித்தது. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரிக்கும் நகராட்சி விதியை 1916-இல் எதிர்த்தபோதும் பலன் கிட்டவில்லை.

1921 மே 31 இரவு, வெள்ளையர் கும்பல் கிரீன்வுட்டைத் தாக்கத் தொடங்கியது. மறுநாளுக்குள் 1,200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. உயிரிழந்தோர் 300 பேர் வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. ஹோட்டலைக் காக்க உள்ளேயே நின்ற ஸ்ட்ராட்ஃபோர்டு பிடிபட்டார், கட்டடம் சாம்பலானது.

அதைவிட விசித்திரமானது அடுத்து நடந்தது. வெள்ளையர்கள் மட்டுமே இடம்பெற்ற கிராண்ட் ஜூரி, கலவரத்துக்குக் கறுப்பினத்தவரையே பொறுப்பாக்கியது. எரித்தவர்களில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அனைத்தையும் இழந்த ஸ்ட்ராட்ஃபோர்டின் மீது கலவரத்தைத் தூண்டியதாக வழக்குப் பதிவானது. கான்சாஸ் மாநிலத்தில் இருந்த சகோதரரிடம் அவர் தப்பிச் சென்றார். அங்கும் கைது செய்யப்பட்டார். சிகாகோவில் வழக்கறிஞராக இருந்த மகன் பிரான்சிஸ் விரைந்து வந்து ஜாமீன் பெற்றுத் தந்தார். துல்சாவில் நியாயமான விசாரணை நடக்கும் என்ற நம்பிக்கை தந்தைக்கோ மகனுக்கோ இல்லை. ஸ்ட்ராட்ஃபோர்டு சிகாகோவுக்குச் சென்றார், திரும்பவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் மீது அவர் தொடுத்த வழக்கிலும் இழப்பீடு கிடைக்கவில்லை.

குடும்பம் சட்டத்தைக் கைவிடவில்லை. கறுப்பினத்தவர் வீடு வாங்குவதைத் தடுக்கும் ஒப்பந்தம் தொடர்பாக 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்ற ஹான்ஸ்பெரி வழக்கின் வழக்கறிஞர்களுள் பிரான்சிஸும் ஒருவர். பேத்தி ஜூவல், பின்னாளில் மத்திய அரசின் துணை சொலிசிட்டர் ஜெனரல் ஆனார்.

சந்ததியினரின் முயற்சியால் 1996-இல் துல்சாவில் அந்தக் குற்றச்சாட்டு தள்ளுபடியானது. ஆளுநர் பிராங்க் கீட்டிங் மரியாதை நிமித்தமான மன்னிப்பும் வழங்கினார். ஹோட்டல் மீண்டும் கட்டப்படவே இல்லை.